கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மனநலம்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்து அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது இது. வேறு மாவட்டங்களில் செங்கல் சூளைக்குப் பதில் நூல் மில் இருக்கும், கரும்பு வெட்டுக்குப் பதில் பட்டாசு இருக்கும். பிள்ளைகள் படும் பாடு பெரும்பாலும் ஒன்றுதான். கேள்விகள் எல்லாம் ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் காதில் விழுபவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஏழைகள்தான். இதில் யாரைத் தனியாகக் கவனிப்பது?

ஏழ்மையை வைத்துப் பார்த்தால் வகுப்பு முழுவதையும் எழுத வேண்டி வரும். கூலி வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வந்து, நன்றாகச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சிரித்து, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தால் அவர்களுக்கே பிடிக்காது.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. போன மாதம்வரை ஒருமாதிரி இருந்த பிள்ளை இந்த மாதம் வேறுமாதிரி இருக்கிறதா? வீட்டில் சமீபத்தில் ஏதாவது நடந்திருக்கிறதா? ஒரு சாவு, அம்மா அப்பா பிரிந்தது, அப்பா சிறைக்குப் போனது, குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து தெருவில் நின்று கத்தியது, இப்படி ஏதாவது. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. வகுப்பில் ஒரே ஓர் இருளர் வீட்டுப் பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, ஆறு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்த பிள்ளை. புதிதாக எதுவும் நடக்காவிட்டாலும் இவர்கள் தனியாகத்தான் இருப்பார்கள். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது? படிவம் ஏதாவது இருக்கிறதா?

படிவத்துக்கெல்லாம் முன்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை போடுகிறோம், சரி. அதில் இன்றைக்கு எத்தனை பேர் என்று தெரியும். ஒரு பிள்ளையின் வரியை மூன்று மாதத்துக்கு இடமிருந்து வலமாகப் பாருங்கள். எல்லாத் திங்கட்கிழமையும் வராத பையனின் வீட்டில் சனி, ஞாயிறு என்ன நடக்கிறது? பெரும்பாலும் சனிக்கிழமை கூலி, சனிக்கிழமை இரவு குடி, ஞாயிறு முழுக்கச் சண்டை. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் வராத பெண்ணின் அம்மா அன்றைக்குச் சந்தையில் கடை போடுகிறார். கைக்குழந்தையை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாதத்தில் மூன்று நாள் தவறாமல் வராதவளுக்குப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராததுகூடக் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது சத்துணவு வரிசை. முட்டையைச் சாப்பிடாமல் நோட்டுத் தாளில் சுற்றிப் பைக்குள் வைக்கிற சிறுமியைப் பார்த்திருப்பீர்கள். 'ஏன் சாப்பிடல' என்று எல்லார் முன்னாலும் அதட்டாதீர்கள். வீட்டில் அங்கன்வாடி வயது தம்பி ஒருவன் இருப்பான். முதல் பீரியடிலேயே தூங்கி வழிகிற எட்டாம் வகுப்புப் பையன் நாலரை மணிக்கு எழுந்து பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருப்பான்; அது ஒன்றும் பெரிய ஆபத்து இல்லை. ராத்திரி முழுக்க அம்மாவுக்குக் காவலாக விழித்திருந்துவிட்டுத் தூங்குகிறவனும் அதே பெஞ்சில்தான் இருப்பான். வெளியே பார்க்க இருவரும் ஒன்றுபோல் இருப்பார்கள். கேட்டால்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கத்துகிற, அடிக்கிற, கல்லெறிகிற பையன்கள் நம் கண்ணில் தானாகவே பட்டுவிடுவார்கள். 'ரொம்ப அடக்கமான பொண்ணு சார்' என்று பாராட்டு வாங்குகிறவள்தான் தப்பிப் போவாள்.

பள்ளியில் மனநல ஆலோசகர் இல்லை. நான் கணக்கு வாத்தியார். என்னால் என்ன செய்ய முடியும்?

என்ன நோய் என்று சொல்வது உங்கள் வேலை இல்லை, அதில் இறங்கவும் வேண்டாம். கவனிப்பது, கேட்பது, சரியான ஆளிடம் கொண்டு சேர்ப்பது, இவ்வளவுதான். இதில் கேட்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். பிள்ளை இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நமக்கு அறிவுரை பொங்கி வந்துவிடுகிறது. 'நல்லா படிச்சா எல்லாம் மாறிடும்', 'உங்கம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்க, யோசிச்சியா?' இதையெல்லாம் அந்தப் பிள்ளை ஏற்கெனவே பத்துப் பேரிடம் கேட்டிருக்கும். பதினோராவது ஆளாக நீங்களும் சொன்னால் அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

நேருக்கு நேர் உட்காரவைத்து 'என்ன பிரச்சினை, சொல்லு' என்று கேட்டாலும் பேச்சு வராது. ஏதாவது ஒரு வேலை கொடுத்து, பக்கத்தில் நின்று கேளுங்கள். நோட்டு அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கரும்பலகை துடைப்பது.

"என்னம்மா, ரெண்டு நாளா ஒருமாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"சரி. நாளைக்கும் இந்த நோட்டெல்லாம் அடுக்க வர்றியா?"

"வர்றேன் டீச்சர்."

முதல் நாளுக்கு இது போதும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவளாகவே, நோட்டைப் பார்த்தபடியே சொல்வாள்: "எங்க ஆயா படுத்த படுக்கையா இருக்குது டீச்சர்." (ஆயா என்றால் இந்தப் பக்கம் பாட்டி.) அந்த இடத்தில் 'கவலைப்படாத, சரியாயிடும்' என்று சொல்லாதீர்கள். சரியாகுமா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "அப்போ சோறு யாரு ஆக்குறா?" என்று கேளுங்கள். "நான்தான்" என்று பதில் வந்தால் அந்த வீட்டின் நிலைமை பாதி விளங்கிவிடும். அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறது: கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்வது, வீட்டுப்பாடத்தைக் குறைப்பது, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவது.

தூக்கமே வராதது, சாப்பாடு இறங்காதது, தனியாகப் பேசிக்கொள்வது, உடம்பைக் கீறிக்கொள்வது, வாரக்கணக்கில் யாரோடும் சேராமல் இருப்பது, இவையெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார். குறிப்பிட்ட நாட்களில் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் அந்தக் குழு வரும். உங்கள் பக்கத்துக்கு எந்தக் கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளையோடு போகும்போது 'மனநல டாக்டர்' என்ற பேச்சு ஊரில் பரவும் என்று வீட்டார் பயப்படுவார்கள். 'தூக்கம் வரலன்னு காட்டப் போறோம்' என்றால் வந்துவிடுவார்கள், அதுவும் உண்மைதானே.

'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சார்' என்று கேட்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். 'உனக்கு ஆபத்து இல்லாத வரைக்கும் என்கிட்டயே இருக்கும். ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி செய்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.' இப்படிச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

ஏன் என்றால் சில விஷயங்களை மறைக்க உங்களுக்கு உரிமையே இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாக நடந்துகொண்டார்கள் என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு 21ஆவது பிரிவின்படி 6 மாதம்வரை சிறை. பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் விஷயத்தில் மறைத்தால் ஓராண்டுவரை. 'பள்ளிப் பேரு கெட்டுடும், பேசித் தீர்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், இந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்துச் சொல்லுங்கள்.

நடந்ததைத் துருவித் துருவி நீங்கள் விசாரிக்க வேண்டாம். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தேதி போடுங்கள். 'நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்ல' என்று சொல்லுங்கள். காவல் துறையினர் சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியை வைத்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பதும் சட்டம். ஜீப் பள்ளி வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்ததும் பெற்றோர் சூளைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை ஆயாவோடு நிற்கிறது, இல்லாவிட்டால் கூடவே போய்விடுகிறது. பள்ளி என்ன செய்ய முடியும்?

இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. முன்பணம் வாங்கியவர்கள் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் சூளைகளுக்குப் போனால் மழைக்காலம் வரும்வரை அங்கேதான். தை முதல் ஆனிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆண்டுத் தேர்வு சரியாக நடுவில் வந்து விழுகிறது.

எனவே பேச வேண்டிய நேரம் மார்கழி. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே யார் போகிறார்கள், பிள்ளையை என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். விட்டுப்போக ஆள் இல்லை என்றால் விடுதி உண்டு. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று முன்பு தனித்தனிப் பெயரில் இருந்தவற்றை 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். படிப்பை விட்ட பெண்பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டுறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பச் சொல்லி நான் அவசரப்படுத்த மாட்டேன். அந்த வயதில் பாதுகாப்பான ஆயா ஒருவர் இருந்தால் அதுவே மேல்.

கூடவே போகிற பிள்ளை, சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. இதைப் பெற்றோரிடம் வாயால் சொன்னால் போதாது. பிள்ளையின் வகுப்பு, எமிஸ் எண், உங்கள் கைபேசி எண், மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பள்ளி முத்திரை வைத்துக் கொடுத்தனுப்புங்கள். அங்கே உள்ள ஆசிரியர் உங்களைக் கூப்பிட அந்தத் தாள்தான் வழி.

ஆயாவோடு நிற்கிற பிள்ளைக்கு வேறு ஒரு கஷ்டம். அம்மா எப்போது போன் பேசுவார் என்பதிலேயே நாள் முழுக்க மனம் நிற்கும். சில பள்ளிகளில் ஆசிரியர் தன் போனிலேயே வாரம் ஒருமுறை மதிய இடைவேளையில் பேச வைக்கிறார். செலவே இல்லாத விஷயம், அதைவிட நல்ல மருந்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேசி முடித்ததும் பிள்ளை கொஞ்சம் அழும். அழட்டும், விடுங்கள்.

வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார். நாம் தலையிட்டால் வம்பு வராதா?

குடியை நீங்கள் நிறுத்திவிட முடியாது. அப்பாவைக் கூப்பிட்டு உபதேசம் செய்தால், அன்றைக்கு இரவு 'வாத்தியார்கிட்ட போய் வத்தி வச்சியா' என்று பிள்ளைக்கு இன்னும் இரண்டு அடி விழும். எனவே முதலில் பிள்ளையின் பாதுகாப்பு. சண்டை ஆரம்பித்தால் எந்த வீட்டுக்கு ஓடுவாய், தம்பி தங்கையை யார் தூக்கிக்கொள்வது, ராத்திரியில் அந்த வீட்டுக் கதவு திறக்குமா? இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எதிர்வீட்டு அக்காவோ அத்தையோ கட்டாயம் ஒருவர் இருப்பார். முடிந்தால் அவரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அம்மாவிடம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள். பிள்ளைக்கே அடி, காயம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

புத்தகப் பையைப் பள்ளியிலேயே வைத்துப் போக விடுங்கள். வீட்டில் கிழிவதும் எரிவதும் மிச்சம். வீட்டுப்பாடத்தை மாலையில் அரைமணி நேரம் பள்ளியிலேயே முடிக்கட்டும்.

பெற்றோரில் ஒருவர் இறந்துவிட்டார். பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது எப்படி நடந்துகொள்வது?

காரியம் முடிந்து வரும். பையனாக இருந்தால் மொட்டைத் தலையோடு வருவான். அவன் வருவதற்கு முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: தலையைத் தொடக் கூடாது, எப்படிச் செத்தார் என்று கேட்கக் கூடாது, விளையாட வழக்கம்போல் கூப்பிட வேண்டும். அவன் வந்ததும் எல்லார் முன்னாலும் அணைத்துக்கொண்டு அழவேண்டாம். 'வந்தது சந்தோஷம்டா, உன் இடம் அப்படியே இருக்கு' போதும். அழுகை இரண்டு மாதம் கழித்தும் வரும், தீபாவளிக்கு முன்பு வரும், வருஷத் திதி அன்றைக்கு வரும். அந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் சாவுக்குப் பிறகு படிப்பு நிற்பது பெரும்பாலும் பணத்தால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தபோது, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. செய்தியில் வராத சாவுகளுக்கும் வழி இருக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய்; அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் என்று அலைய அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்காது. தாளை நிரப்பிக் கொடுப்பதுகூட மனநல உதவிதான்.

பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள்.

தோழிகள் சொன்னால் பெரும்பாலும் உண்மை. பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் நடத்தி வைப்பது 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம்வரை அபராதம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதைத் தடுக்கும் அதிகாரி. 1098க்குச் சொன்னாலும் அவரிடம் போய்விடும், சொன்னவர் பெயர் வெளியே வராது.

நேரம் இருந்தால் அதற்கு முன்பு அம்மாவிடம் பேசிப் பாருங்கள். சட்டத்தைவிடக் கணக்கு நன்றாக எடுபடும்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். பெரும்பாலும் அம்மாவின் பயம் வேறு. 'யாரையாவது இழுத்துக்கிட்டு ஓடிட்டா?' அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் கேளுங்கள். பேருந்தில் துணை யார், டியூஷன் முடிந்து எப்படி வருகிறாள் என்று அம்மாவோடு சேர்ந்து பேசினால் பாதிப் பயம் இறங்கும்.

கல்யாணத்தை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லாரும் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் பாடு. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனதற்கு அவள்தான் காரணம், மானம் போனதற்கும் அவள்தான் காரணம் என்று வீட்டில் தினமும் விழும். அடுத்த ஆறு மாதம் அவளை விடாமல் பாருங்கள். நாலு நாள் வராவிட்டால் வேறு ஊர்க் கோயிலில் தாலி ஏறியிருக்கலாம்.

சாதிச் சண்டை, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு. இதெல்லாம் மனநலத்தில் சேருமா?

சேராமல் என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த மாணவர் அதற்கு முன்பு சில நாள் பள்ளிக்கே வராமல் இருந்தார். ஏன் என்று கேட்டபோதுதான் தொல்லை வெளியே வந்தது. மறுபடியும் வருகைப் பதிவேடுதான். இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது: புகார் சொன்ன பிள்ளையின் பெயர் அன்றைக்கே எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு.

அறிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். நாமே வகுப்பில் செய்கிற ஒன்றை நிறுத்தினால் பாதி சரியாகும். உதவித்தொகைப் படிவம் வந்தால் 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு' என்கிறோமே, அது. எழுந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தை அந்தப் பிள்ளை எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது. பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது. தனித்தனியாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தண்ணீர் எடுக்கவும் கூட்டவும் யாரை அனுப்புகிறீர்கள் என்பதையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கழிப்பறைக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது, அது தனிக் கதை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'எனக்கு வாழப் பிடிக்கல' என்று எழுதியிருந்தாள். என்ன செய்வது?

சும்மா எழுதியிருப்பாள் என்று விடாதீர்கள், நோட்டை ஆசிரியர் அறையில் சுற்றுக்கு விடவும் வேண்டாம். அன்றைக்கே தனியாக, ஆனால் கதவு திறந்திருக்கிற இடத்தில், நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாராவது கேட்டார்களே என்று மனசு லேசாகும். 'ஆமாம்' என்றால் அவளைத் தனியே விடக் கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவரை வரவழைத்து நேரில் ஒப்படையுங்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கவும், கொஞ்ச நாள் அவளைத் தனியாகப் படுக்கவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 104 மருத்துவ உதவி எண், இரண்டிலும் தமிழில் பேசலாம். மறுநாளே அரசு மருத்துவமனை.

'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்ற பயத்தில் மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

தேர்வு முடிவு மே மாதம், பள்ளி மூடியிருக்கும்போது வருகிறது. தவறிவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கிற நாலைந்து பேரை முதல் நாளே போனில் கூப்பிடுங்கள். துணைத் தேர்வு உண்டு, எழுதினால் வருஷம் வீணாகாது என்று அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டாரிடம், 'நாளைக்கு ஒரு நாள் திட்டாதீங்க, தனியா விடாதீங்க.' இரண்டு நிமிடப் பேச்சு இது.

அடிக்காமல் எப்படி சார் கட்டுப்படுத்துவது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனதளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. கேலியும் இரண்டாவதில் வரும். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கு உங்கள் அடி உறைக்காது. உங்களையும் அந்த வரிசையில் சேர்த்துவிடும், அவ்வளவுதான். ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். கல்லெறிகிறவனிடம் பந்து, வலை எல்லாவற்றையும் ஒப்படைத்த ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கூப்பிட்டால் பெற்றோர் வருவதே இல்லை.

வந்தால் ஒரு நாள் கூலி போகும், வந்ததும் திட்டு விழும். யார் வருவார்கள்? மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் போங்கள். முதல் முறை குறை சொல்லப் போகாதீர்கள். 'நல்லா படம் வரையுது உங்க புள்ள' என்று சொல்லிவிட்டு, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வாருங்கள். காலனி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்களா என்று ஊரே பார்க்கும், பிள்ளையும் பார்க்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அதில் வாய் திறந்து பேசுகிற அம்மா ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டே ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளி. இதற்கெல்லாம் நேரம் ஏது?

சிறிய பள்ளியில் இது இன்னும் சுலபம், எல்லார் வீடும் உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. அந்தக் கால்மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருங்கள். யார் பேசவில்லை, யார் அழுதுவிட்டு வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சமையல் செய்யும் அக்காவுக்கு உங்களைவிட அதிகம் தெரியும், அவரையும் கேளுங்கள்.

கேட்டுக் கேட்டு எனக்கே ராத்திரி தூக்கம் வருவதில்லை.

ஒரே ஆள் எல்லாவற்றையும் தாங்க முடியாது. பெயர் சொல்லாமல் சக ஆசிரியர் ஒருவரிடம் பேசுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மேல் நீங்களே பொறுப்பாக எடுக்காதீர்கள். 14416 உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எந்த எண்ணுக்கு எப்போது கூப்பிடுவது? குழப்பமாக இருக்கிறது.

பிள்ளைக்கு ஆபத்து, அடி, குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் 1098. இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112. மனசு சம்பந்தமாக 14416, இல்லாவிட்டால் 104. பள்ளிக்குள்ளேயே யாராவது தொல்லை கொடுத்தால், தேர்வு பயம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417. சுவரில் எழுதும்போது தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே எழுதாதீர்கள். அங்கே நின்று எந்தப் பிள்ளையும் எண்ணைப் படிக்காது. தண்ணீர்க் குழாய் பக்கத்திலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் எழுதுங்கள்.

ஐந்தாவது முடிந்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நாம் செய்ததெல்லாம் அதோடு போய்விடுகிறதே?

படிப்பு அறுந்துபோகிற இடமே அதுதான். ஐந்திலிருந்து ஆறு, எட்டிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பதினொன்று. மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெயர் தெரியாத ஆசிரியர்கள், காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். ஏப்ரலில் நீங்கள் குறித்து வைத்திருக்கும் பிள்ளைகளை மட்டுமாவது ஒரு நாள் அந்தப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அங்கே உள்ள ஆசிரியர் ஒருவரை அறிமுகம் செய்யுங்கள். வீட்டுக் கதை முழுவதையும் சொல்ல வேண்டாம்; 'அம்மா இல்ல, ஆயாதான் பாத்துக்குது, படம் நல்லா வரைவான்' என்ற அளவு போதும். ஜூன் இரண்டாவது வாரம் அவரைக் கூப்பிட்டு வந்து சேர்ந்தார்களா என்று கேளுங்கள். யாராவது வரவில்லை என்றால் அன்றைக்கு மாலையே வீட்டுக்குப் போங்கள். ஜூலைவரை விட்டால் பிள்ளை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும்.